ஐம்பத்திரண்டு நாள் சிலிண்டர்

அன்புள்ள அக்காவுக்கு,

வந்தது, ஐம்பத்திரண்டு நாள் வந்தது. ஆனால் அப்பா உனக்கு எழுதிய மாதிரி வரவில்லை. ஒரு கேஸ் சிலிண்டர் அத்தனை நாள் வந்தது நிஜமா, செலவு பாதியாகிவிட்டதால் இனிமேல் பணம் அனுப்ப வேண்டாம் என்று அப்பா எழுதியதை நம்பி சாயங்காலச் சலவை வேலையை விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்ல முடியாது. ஒரே போன் காலில் எல்லோரும் பேசி முடித்தால் காசு மிச்சம் என்று அப்பா ஸ்பீக்கரில்தான் போடுகிறார்.

முதலில் இங்கே நடக்கும் கூத்தைக் கேள். அச்சகம் மூடியதிலிருந்து அப்பா வீட்டையே ஸ்டோர் ரூம் ஆக்கிவிட்டார். இருபத்திரண்டு வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்தவருக்கு இடுப்பில் சாவி இல்லாமல் இருப்புக் கொள்ளவில்லை. அலமாரிக்குப் பூட்டு போட்டாகிவிட்டது. புதுச் சோப்பு வேண்டுமென்றால் பழைய சோப்பின் மிச்சத்தைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். நான் காட்டினேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, இன்னும் மூன்று குளியல் இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். பேஸ்ட் டியூபைக் கத்தரியால் பிளந்து உள்ளே வழித்துக் காட்டினால்தான் அடுத்தது. அம்மாவுக்கு வாரம் ஒரு தீப்பெட்டி, கையெழுத்து போட்டு வாங்க வேண்டும். கல்யாணப் பதிவில் போட்டதற்கு அப்புறம் இப்போதுதான் இத்தனை கையெழுத்து போடுகிறேன் என்கிறாள்.

சுவிட்சுகளுக்கும் ஆள் போட்டிருக்கிறார். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு துண்டுக் காகிதம், அதில் பொறுப்பாளர் யார் என்று எழுதியிருக்கும். கூடத்து ஃபேன் அப்பா பொறுப்பு. அவர் எழுந்து வெளியே போனால் அணைத்துவிட்டுத்தான் போவார். அடியில் நானும் அம்மாவும் உட்கார்ந்திருக்கிறோமே என்றால், அது தனிக் கோரிக்கை, எழுதிக் கொடு என்கிறார். எனக்கு மண்டை காய்கிறது அக்கா. பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவன் வாயைத் திறக்கக் கூடாது என்பதால் பேசாமல் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

பாலும் அளவுதான், நாளுக்கு அரை லிட்டர். அம்மா தையல் காசில் இன்னொரு அரை லிட்டர் வாங்கி அதே பாத்திரத்தில் ஊற்றிவிடுகிறாள். அப்பா டீயைக் குடித்துவிட்டு, அரை லிட்டரே தாராளம் என்று தான் முதலிலேயே சொன்னதாகச் சொல்லிக்கொள்கிறார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு ஊசியில் நூல் கோப்பாள்.

சரி, சிலிண்டருக்கு வருகிறேன்.

அப்பா ஒரு சிலிண்டர் நாற்பத்தைந்து நாள் வர வேண்டும் என்று இலக்கு வைத்தார். மூடி போட்டுச் சமையல், ஒரே வேளை அடுப்பு. ஞாயிற்றுக்கிழமை தோறும் சிலிண்டரை ஈரத்துணியால் துடைப்பார். உள்ளே கேஸ் இருக்கும் மட்டம் வரை ஈரம் சீக்கிரம் காயாது. அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு, பக்கத்தில் தேதி. இவ்வளவும் செய்து முதல் சிலிண்டர் முப்பத்தோராம் நாள் தீர்ந்துவிட்டது.

அன்றைக்கு நான் வீட்டில் இருந்தேன். அப்பா அடுப்பு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து ரெகுலேட்டரைத் திருகித் திருகிப் பார்த்தார். குச்சிக்குக் கணக்குக் கேட்கிற மனுஷன் ஒன்றன் பின் ஒன்றாக எட்டுக் குச்சி கிழித்தார். எதுவும் பற்றவில்லை. அப்புறம் என்னைப் பார்க்காமல், "என் கையில எதுவுமே நிக்க மாட்டேங்குதுடா" என்றார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. சாப்பாட்டிலும் மிச்சம் பிடிக்கிறார் என்று நானும் அம்மாவும் சிரிக்கிற நிலைமையில் இல்லை.

நான் வேலை பார்ப்பது கேஸ் ஏஜென்சி வண்டியில் என்பதுதான் உனக்குத் தெரியுமே. அங்கே எங்களுக்குத் தனியாக ஒரு சிலிண்டர் எடுக்க அனுமதி உண்டு, விலையைக் கூலியில் பிடித்துக்கொள்வார்கள். அடுத்த சிலிண்டரின் இருபத்தாறாம் நாள், அப்பா கடைக்குப் போன நேரம் பார்த்து நிறைந்ததைக் கொண்டுவந்து மாட்டிவிட்டு, தீரப்போவதை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். அவர் போட்ட கோடுகளை விரலால் அளந்து அதே இடத்தில் அதே மாதிரி போட்டேன், ஏழு என்ற எண்ணுக்கு அவர் போடும் வால் உட்பட.

ஆனால் பார், எனக்கு மூளை வேலை செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தது, அவர் துணியை எடுத்துத் துடைத்தார். ஈரம் எல்லாக் கோட்டையும் தாண்டி மேலே கழுத்துக்குக் கீழே போய் நின்றது. மறுபடி துடைத்தார். அப்புறம் பழைய கோடுகளை எல்லாம் அழித்துவிட்டு, இத்தனை வாரமாகத் தான்தான் துணியைச் சரியாகப் பிழியாமல் தப்பாக அளந்துவிட்டதாகச் சொன்னார். ஸ்டோரில் ஒரு பொருள் குறைந்தால் அவர் பிடித்துவிடுவார் அக்கா. கூடினால் பிடிக்கத் தெரியாது.

அம்மா பிடித்துவிட்டாள். மறுநாள் அடுப்பைத் துடைத்துக்கொண்டே, "அடுத்த தடவ துருப்பிடிச்சதாப் பாத்து எடுத்துட்டு வா. இது புதுப் பொண்ணு மாதிரி மினுமினுக்குது" என்றாள்.

ஐம்பத்திரண்டு நாள் என்றதும் அப்பாவைப் பிடிக்க முடியவில்லை. உனக்குக் கடிதம் எழுதியதோடு நிற்கவில்லை. தெருவில் போகிறவர்களை நிறுத்தி மூடியைப் பற்றி விளக்குகிறார். எதிர்வீட்டுக்காரர் அவர் சம்சாரத்திடம், அங்கே ஐம்பத்திரண்டு வருகிறது, உனக்கு முப்பது கூட வரவில்லையே என்று சண்டை. அந்த அம்மா என்னைப் பார்த்து முறைக்கிறது, ஏதோ நான்தான் அவர்கள் வீட்டு கேஸைக் குடித்த மாதிரி. இப்போது அப்பா இலக்கை அறுபதாக்கிவிட்டார். அறுபதுக்கு நான் இரண்டு தடவை மாற்ற வேண்டும். சிக்கனம் செய்யச் செய்ய எனக்குச் செலவு ஏறுகிற வீடு உலகத்திலேயே நம்முடையதுதான்.

ஆகவே நீ கேட்டதற்குப் பதில்: நிஜமாக மிச்சமானது சோப்பும் பேஸ்ட்டும் கொஞ்சம் கரண்டும்தான். அதை வைத்து உன் பணத்தை நிறுத்த முடியாது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். போன மாதம் நீ அனுப்பிய போட்டோவை அம்மா பெரிதாக்கிப் பார்த்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. சலவைத் தூளில் வெந்துபோன உன் விரல்களைத்தான் பார்த்தாள். அப்பாவும் எட்டிப் பார்த்தார். அவர் உனக்குக் கடிதம் எழுதியது அதற்கு மறுநாள்.

அதனால் நீ சாயங்கால வேலையை விட்டுவிடு. யோசிக்காதே. ஏஜென்சியில் சாயங்கால லோடுக்கும் ஆள் கேட்டார்கள், வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். லைசென்ஸ் எடுத்து லாரியில் ஊர் ஊராகப் போவேன் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேனே, டிரைவிங் ஸ்கூலில் எப்போது சேரப்போகிறேன் என்று கேட்டிருந்தாய். அது எங்கேயும் ஓடிப்போகாது. என்னைப் போல ஒரு இடத்தில் நிற்காதவனுக்குக் கேஸ் வண்டியும் வண்டிதான், மாடி மாடியாக ஏறுகிறேன்.

ஒன்றே ஒன்று செய். அப்பாவுக்கு எழுதும்போது, உங்கள் சிக்கனத்தால்தான் வேலையை விட முடிந்தது என்று எழுது. அந்த மூடியைப் பற்றியும் ஒரு வரி கேள், எப்படிப் போட வேண்டும் என்று. நாலு பக்கம் பதில் வரும், பொறுத்துக்கொள். கைக்கு மருந்து போடு. நல்லா இரு அக்கா.

அப்பா பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார், கூடத்து ஃபேன் நின்றுவிட்டது. துருப்பிடித்த சிலிண்டராகத்தான் பார்த்து எடுத்து வந்து மாடிப்படிக்குக் கீழே வைத்திருக்கிறேன். அம்மா கையில் சாக்பீஸை வைத்துக்கொண்டு வாசலில் நின்று கூப்பிடுகிறாள். நான் போக வேண்டும்.

உன் தம்பி