காலி நாற்காலிகளின் கமிட்டி

பிப்ரவரி 3

பாலம் இடிந்து விழுந்த வருஷம். தெருவிளக்குக் கம்பங்கள் மரத்திலிருந்து இரும்புக்கு மாறியதும், என் மகன் தவழ ஆரம்பித்ததும் அப்போதுதான். அந்த வருஷம் நாங்கள் ஏழு பேர் சேர்ந்து, மில்லுக்குப் போகிற பெண்களின் பிள்ளைகளுக்காகக் காப்பகம் தொடங்கினோம். நான் மூட்டை தூக்குகிறவன், எழுத்து வாசனையே கிடையாது. என்னைத்தான் தலைவராகப் போட்டார்கள். "சும்மாட்டுக்குப் பொய் சொல்ல வராது, அவனே இருக்கட்டும்" என்றார் கம்பவுண்டர். மூட்டைக்கு அடியில் தலையில் வைக்கிற துணிச் சுருள்தான் சும்மாடு; அதையே அவர்கள் எனக்குப் பெயராக வைத்துவிட்டார்கள்.

இன்றைக்கும் எழுதத் தெரியாது. நான் பேசப் பேச போன் எழுதிக்கொள்கிறது. மருமகள் பழக்கிவிட்டு ஊருக்குப் போனாள். அழுத்தினால் வாசித்தும் காட்டும். இந்த வீட்டில் கேட்கிற இன்னொரு குரல் அதுதான்.

பிப்ரவரி 9

கமிட்டிக் கூட்டம். வண்டி அனுப்பியிருந்தார்கள். மேசையைச் சுற்றி ஏழு நாற்காலி. உட்கார்ந்தவன் நான் ஒருவன்.

இறந்தவர் இடத்தில் நாங்கள் யாரையும் போட்டதில்லை. முதலில் போனவர் போஸ்ட்மேன். அவர் மனைவி காப்பகத்தில்தான் சமையல் செய்துகொண்டிருந்தார். அந்த அம்மாள் கண்ணெதிரே அந்த நாற்காலியில் வேறு ஆளை எப்படி உட்கார வைப்பது? அப்படியே விட்டோம். அதுவே வழக்கமாகிவிட்டது. என்னைத் தவிர மிச்சம் தையல்காரி. அவளும் படுத்த படுக்கை.

நிதி தருகிற அமைப்பிலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். தன்மையாகத்தான் பேசினார். "ஐயா, கணக்கு சுத்தமா இருக்கு. வேலையும் நல்லா நடக்குது. ஆனா கேள்வி கேக்க ஆளே இல்லையே! மேனேஜர் மேடமே திட்டம் போடறாங்க, அவங்களே சரிங்கறாங்க. மாசக் கடைசிக்குள்ள கமிட்டி நிரம்பலேன்னா எங்களால பணம் அனுப்ப முடியாது."

மேனேஜரம்மா என் பக்கம் குனிந்தார். "புதுசா சேக்கணும்னா உறுப்பினர் ரெண்டு பேராவது கை தூக்கணுங்க ஐயா. இருக்கறதே ரெண்டு பேர். தையலம்மா உடம்பு வேற..."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது?

பிப்ரவரி 10

யாரும் வரவில்லை.

பிப்ரவரி 12

மாதம் ஒரு தடவை அந்த வண்டி வந்து வாசலில் ஹாரன் அடிக்கும். "தலைவர் கிளம்பியாச்சா?" என்று ஒரு சத்தம். புது ஆட்கள் வந்துவிட்டால் என்னை யார் தேடுவார்கள்? காப்பகத்தை மூடினால் அந்தப் பெண்கள் பிள்ளைகளை வீட்டில் பூட்டிவிட்டு வேலைக்குப் போவார்கள். தெரியாதா எனக்கு? தெரியும். இருந்தும் இந்தப் பாழாப்போன மனசு ஹாரனையே பிடிச்சுக்கிட்டுத் தொங்குது. சீ.

பிப்ரவரி 15

தையல்காரி வீட்டுக்குப் போனேன். ஜன்னலோரம் கட்டில், மிஷின் மேல் மாத்திரை அட்டைகள். ஆள் சுருங்கிப் போய்விட்டாள். வாய் மட்டும் அப்படியே.

"வாய்யா சும்மாடு. நான் போறதுக்குள்ள வந்துட்டியே, பரவால்ல."

விஷயத்தைச் சொன்னேன். "அவங்க எடத்துல வேற ஆளுன்னா மனசு ஒப்பல."

"காலி நாற்காலில அவங்களா உக்காந்திருக்காங்க? தூசிதான்யா உக்காந்திருக்கு." இருமி ஓய்ந்தாள். "மனசு ஒப்பலயா, இல்ல, வண்டி வராதேன்னு பயமா?"

அவளிடம் எதைத்தான் மறைக்க முடிந்திருக்கிறது.

"நாளைக்கே கூட்டத்தப் போடு. பிள்ளைங்களோட அம்மாக்களச் சேப்போம். கேள்வி கேக்க அவங்களுக்குத்தான் அக்கறை இருக்கும். நாம ரெண்டு பேரும் எறங்கிடுவோம்."

"நானுமா?"

"நீதான் மொதல்ல."

பிப்ரவரி 16

அவள் அறையிலேயே கூட்டம். இடம் போதாதென்று மேனேஜரம்மா காப்பகத்துக் குட்டி நாற்காலிகளைக் கொண்டுவந்தார். தாய்மார்கள் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்தார்கள். நான் கை தூக்கினேன். தையல்காரி போர்வைக்கு வெளியே இரண்டு விரலைத் தூக்கி, "போதுமா, முழுக்கையும் வேணுமா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள்.

புதுத் தலைவி நூல் சுற்றுகிற பெண். உட்கார்ந்த சூட்டோடு கேட்டாள். "பிள்ளைங்க தூங்கற ரூம்ல ஃபேன் ஓடலன்னு போன கோடைலயே சொன்னோம். ஏன் மாத்தல மேடம்?"

மேனேஜரம்மா பழக்கத்தில் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"இப்பத்தான்யா இது கமிட்டி" என்றாள் தையல்காரி.

மார்ச் 9

கூட்ட நாள். சட்டையை மாற்றிக்கொண்டு வாசலுக்கு வந்த பிறகுதான் நினைவு வந்தது. சாயங்காலம் வரை அதைக் கழற்றவில்லை.

மார்ச் 11

ஹாரன் சத்தம். அடித்துப்பிடித்து எழுந்து போனேன். வண்டியில் புதுத் தலைவி. முகத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. தையல்காரி விடியற்காலையில் போய்விட்டாளாம்.

போகிற வழியில் அந்தப் பெண் சொன்னாள்: "நேத்துதான் ஃபேன் மாட்டினோம் ஐயா. அவங்ககிட்ட சொல்லணும்னு இருந்தேன்."

திரும்பக் கொண்டுவந்து விட்டபோது, "அடுத்த கூட்டத்துக்கு வாங்க ஐயா, சும்மா உக்காந்திருங்க" என்றாள். நல்ல பெண்.

ஐயா என்று கூப்பிட ஊரே இருக்கிறது. இன்னொரு பெயர் சொல்லிக் கூப்பிடத்தான் ஆளில்லை. போஸ்ட்மேன் போனார். கம்பவுண்டர், வாத்தியார், கண்டக்டர், சோடாக்காரர், இப்போது தையல்காரி. உயிரோடு இருப்பது சும்மாடு.