மஞ்சள் தேய்த்த கடல் கல்

போபோடி, பூனா
18-4-1983, திங்கள்

அன்பு மகன் சிரிலுக்கு,

அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே யாருக்கும் காய்ச்சல் இல்லை, தலைவலி இல்லை, எனக்கு மட்டும் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை, அது நீ பிறப்பதற்கு முன்னாலிருந்தே உள்ள வியாதி, மருந்து கிடையாது. நீ அங்கே மண்டபம் மீன் ஆராய்ச்சி நிலையத்தில் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன், பொய்யாக இருந்தாலும் அப்படியே எழுது. உன் தங்கை ஆட்ரி பரீட்சை முடித்துவிட்டாள், கணக்கு எப்படி என்று கேட்டால் ஃபேனைப் பார்க்கிறாள், நான் ஒன்பதாவதோடு நின்றவள், நான் என்ன சொல்ல. அப்பாவுக்கு ஃபேக்டரியில் மறுபடி காலை ஷிஃப்ட். வெயில் மண்டையைப் பிளக்கிறது, நல்ல தண்ணீர் ஒரு வேளைதான் வருகிறது, அதில் நான் உப்புத் தண்ணீருக்கு அலைகிறேன் என்று எங்கள் சாளில், இந்த ஒண்டுக் குடித்தன வரிசை முழுக்கச் சிரிக்கிறார்கள்.

சரி, தொட்டி விஷயத்துக்கு வருகிறேன், நீ அதற்காகத்தான் கடிதத்தைப் பிரித்திருப்பாய். நீ எழுதியபடியே எல்லாம் செய்தேன், இதை முதலில் நம்பு. கண்ணாடித் தொட்டி, கீழே மண், நீ ஈரச் சாக்கில் சுற்றி ரயிலில் கொடுத்தனுப்பிய கல், காற்று மோட்டார், கடல் தண்ணீர், அவ்வளவுதான். அந்தோணி மாமா பம்பாயிலிருந்து ரயிலில் வரும்போது கேனில் கொண்டுவந்த முதல் தண்ணீரில் டீசல் வாசனை அடித்தது, துறைமுகத்து ஓரத்திலேயே மொண்டிருக்கிறான், அவன் தலையில் ஊற்றாமல் சாக்கடையில் ஊற்றினேன். அடுத்த தடவை ஒரு கோளி மீன்காரரிடம் சொல்லி நடுக்கடலில் பிடித்து வாங்கி வந்தான். கல்லில் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் பெருகி அழுக்கைத் தின்னும்வரை தண்ணீர் பழுக்க வேண்டும், அதுகளுக்குத் தீனியாக ஒரு இறாலைப் போட்டு அழுக விடு, மீன் மட்டும் போடாதே என்று எழுதியிருந்தாய். போட்டேன். அப்பா மூக்கைப் பிடித்துக்கொண்டு, "குழம்புக்கு இறால் கேட்டா விலையைச் சொல்றே, இங்க அழுகறதுக்கு வாங்கி விடறே"ன்னு மூன்று நாள் பாட்டு. அந்தோணி மாமா வாய் திறந்து மூடும் பிளாஸ்டிக் முதலையும், பச்சைக் கலர் கல்லும் கொண்டுவந்தான், "அக்கா, தொட்டி மொட்டையா இருக்கு, பார்க்கறவன் என்ன நினைப்பான்"னு. முதலை இப்போது ஆட்ரியின் மேஜையில் இருக்கிறது. அப்புறம் கல்லெல்லாம் பழுப்பாகத் துருப்பிடித்த மாதிரி ஆனது, கண்ணாடியிலும் படிந்தது. அது நல்ல சகுனம், தானாகப் போகும், தொடாதே என்று எழுதினாய். என் கை எப்படி அரித்தது தெரியுமா. தேய்க்காமல் இருக்க முடியாமல் வீட்டிலுள்ள பித்தளையை எல்லாம் தேய்த்துப் போட்டேன்.

இத்தனை அவசரம் எதற்கென்று உனக்குத் தெரியும். கடக்கி பஜாரில் பல் டாக்டர் கானிட்கர் சொன்னாரே, உங்கள் வீட்டில் கடல் தொட்டி உயிரோடு நிற்பதைப் பார்த்தால் என் கிளினிக்கிலும் ஒன்று வைக்கிறேன், நீங்களே மாதாமாதம் வந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்று. அங்கே பிள்ளைகள் நாற்காலியில் ஏறுவதற்கு முன்னாலேயே அலறுகிறதுகளாம், மீனைப் பார்த்தால் வாயை மூடும் என்று நினைக்கிறார், பல் டாக்டர் வாயை மூடச் சொல்வது இது ஒன்றுக்குத்தான். எனக்கென்று ஒரு வேலை, சிரில். தையல் மெஷினும் டைப் கிளாஸ் புத்தகமும் கேக் அடுப்பும் என் கையில் நிற்கவில்லை, எல்லாம் பரணில் கிடக்கிறது. "இன்னும் இடமிருக்கு, தொட்டியையும் ஏத்திரலாம்"னு அப்பா சிரித்துக்கொண்டேதான் சொல்கிறார், எனக்குச் சுருக்கென்று தைக்கிறது. டாக்டர் நேற்று ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார்.

வியாழக்கிழமை நான் மண்ணெண்ணெய் க்யூவில் நின்றேன். வீடு மந்திரிக்கப் பங்குச் சாமியார் மறுநாள் வருகிறார் என்று ஏரவாடாவிலிருந்து உன் ஆரோக்கியமேரி அத்தை ஒத்தாசைக்கு வந்திருந்தாள். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாள், மாதா படத்தைத் துடைத்தாள், அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் கேனோடு படியேறினால் தொட்டி பளபளவென்று காலியாக வாசலில் கவிழ்ந்து கிடக்கிறது, மண் மொட்டை மாடியில் காய்கிறது, உன் கல் எல்லாம் முறத்தில் வரிசையாக, மஞ்சளாக. மீன் கழுவுகிற மாதிரியே கல்லுப்பும் மஞ்சள்தூளும் போட்டு, தேங்காய் நாரால் தேய்த்திருக்கிறாள். கேனை அங்கேயே படியில் வைத்தேன். "என்னடி மில்ட்ரெட்டு முழிக்கறே, சாமியார் வர்ற வீட்ல இந்தக் கவுச்சியையும் பாசியையும் வெச்சிருந்தியே, மஞ்ச போட்டாத்தான் வாடை போகும், பாரு எப்படி இருக்கு"ன்னு பெருமையாகக் கேட்கிறாள். அப்புறம் எனக்குச் சத்தம் வந்தது. நான் சொன்னதை எல்லாம் இங்கே எழுத மாட்டேன். அவள் அழுதுகொண்டே சாப்பிடாமல் பஸ் ஏறிவிட்டாள். தண்ணீரை எங்கே ஊற்றினாள் தெரியுமா, பக்கத்து வீட்டு லீலாவின் பப்பாளி மரத்தடியில். மரம் தலையைத் தொங்கப்போட்டுவிட்டது, லீலாவும் என்னிடம் பேசவில்லை. கல்லை எத்தனை தடவை அலசினாலும் ஓட்டைக்குள்ளிருந்து மஞ்சள் வந்துகொண்டே இருக்கிறது. அதிலிருந்த உயிரெல்லாம் போயிருக்கும், இல்லையா. இல்லை என்று ஆறுதலுக்கு எழுதாதே.

சனிக்கிழமை சாயந்திரம் அந்தோணி மாமா புதுத் தண்ணீரோடு வந்தான். கூடவே ஒரு பிளாஸ்டிக் பையில் இரண்டு மீன். ஆரஞ்சு உடம்பு, வெள்ளைப் பட்டை, பொம்மை மாதிரி. கடைக்காரன் தெரிந்தவனாம், பிடிக்கவில்லை என்றால் திருப்பி எடுத்துக்கொள்வானாம். "அக்கா, புதுத் தண்ணில ரெண்டு நாள் தாங்கும், டாக்டர் நாளைக்குப் பார்த்துட்டுப் போகட்டும், அப்புறம் செத்தா யாருக்குத் தெரியும்"னான். அப்பாவும், "போட்டுத்தான் பாரேன் மில்ட்ரெட், உனக்கு வேலை கிடைச்சா போதும்"னார், கிண்டல் இல்லாமல், நிஜமாக. அதுதான் கஷ்டமாகப் போய்விட்டது. பையைத் தொட்டியில் மிதக்கவிட்டு முடிச்சில் கை வைத்துவிட்டேன் சிரில். ஒரு மீன் என் விரலுக்கு நேராக வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. நாளைக்கு டாக்டர் சரி என்பார், செவ்வாய்க்கிழமை இது செத்து மிதக்கும், அவர் கிளினிக்கிலும் நான் இதைத்தான் செய்யப் போகிறேன், செத்ததை எடுத்துப் போட்டுப் புதிதை விட்டுக்கொண்டு, பிள்ளைகள் பார்க்கும்முன் ஓடி ஓடி. அதற்கு நான் கேக் அடுப்பையே இறக்கிக்கொள்ளலாம். காலை வண்டியில் திருப்பிக் கொண்டுபோ என்று பையை மாமா கையில் கொடுத்துவிட்டேன். "உனக்குக் கிறுக்கு"ன்னான். இருக்கட்டும்.

டாக்டர் வந்தார். தொட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், குனிந்து பார்த்தார். "மச்லீ கஹாங் ஹை?" என்றார். மீன் இல்லை, வெறும் தண்ணீர், இருந்ததும் இந்த வாரம் கெட்டது, திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன் என்றேன். பின்னே என் பேஷண்ட் தண்ணீரைப் பார்க்கவா வருவான் என்று கேட்டார், ஹிந்தியில் கேட்டால் இன்னும் குத்துகிறது. பொய் சொல்ல வாய் வரை வந்தது, விழுங்கிவிட்டேன். எப்போது தயாராகும் என்றார். கணபதி பண்டிகை முடியட்டும், அதற்கு முன்னால் கூப்பிட மாட்டேன் என்றேன். கேம்ப் ஏரியாவில் ஒருவன் தங்கமீன் தொட்டி இந்த வாரமே வைக்கிறேன் என்கிறானாம், அதையே வைக்கச் சொல்லப் போகிறாராம், "பாத் மே தேக்தே ஹைங்"னு சொல்லி டீ குடிக்காமல் போனார். அப்புறம் பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும், நானே நிறையப் பேரிடம் சொல்லியிருக்கிறேன். அவர் போனதும் நான் அழுதேன், இரண்டு நிமிஷம்தான், பிறகு பால் பொங்கிவிட்டது. அப்பா பரணைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. தொட்டி அதே இடத்தில் இருக்கிறது, மோட்டார் ஓடுகிறது, காலையிலிருந்து நான் ஏழெட்டுத் தடவை எழுந்து போய்ப் பார்த்துவிட்டேன், தண்ணீரில் என்ன தெரியும், தண்ணீர்தான் தெரிகிறது.

நேரத்துக்குத் தூங்கு. படகில் போகும்போது தலையில் துணி கட்டிக்கொள். ஞாயிற்றுப் பூசையை விடாதே. ஆரோக்கியமேரி அத்தைக்கு நீ ஒரு கார்டு போடு, உன் பேச்சு என்றால் கேட்பாள், நான் போய் நின்றால் மறுபடி சண்டை வரும். மாதா உன்னைக் காற்றிலும் அலையிலும் கூட இருந்து காக்கட்டும், உனக்கு ஒரு குறையும் வராது. மறக்காதே, வேறு கல் பார்த்து எடுத்து, முன்போல ஈரச் சாக்கில் சுற்றி, இந்தப் பக்கம் யாராவது வரும்போது கொடுத்தனுப்பு. அவசரமில்லை.

உன் அம்மா
மில்ட்ரெட்