காலி வரிசையில் மங்கி குல்லா

இரும்புலியூர்,
ஜூன் 23.

அன்புள்ள ஜேசனுக்கு,

பிளஸ்ஸி எழுதுவது. நானும் மாமாவும் சுகம். மாமா எழுதினால் கர்த்தருக்குள் பிரியமான குமாரனுக்கு என்று தொடங்குவார். எனக்கு அவ்வளவு தூரம் வராது. அவர் முன்னால் உன்னை நீங்கள் என்கிறேன். காகிதத்தில் நீ.

ஏன் கடிதம் என்று கேட்பாய். வாட்ஸப்பில் நான் அனுப்பிவிட்டு விரலை எடுப்பதற்குள் உன் பதில் வந்துவிடுகிறது. நல்லா இருக்கேன். சாப்டேன். தூங்கப் போறேன். நீ அப்படிப் பதில் சொல்லும் ஆள் இல்லை. காபி வேண்டுமா என்று கேட்டாலே சற்று நேரம் சுவரைப் பார்ப்பாய். காகிதம் வந்து சேர நாளாகும். பதில் எழுதவும் நாளாகும். அந்தத் தாமதம் எனக்கு வேண்டும்.

வீட்டுச் செய்தி. தண்ணீர் மோட்டார் மறுபடி போய்விட்டது. மாமாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, கோபம்தான் இல்லை. காரணம் உன் அணி.

பேஸ்பால் என்ற வியாதியை இந்த வீட்டுக்குள் கொண்டுவந்தவன் நீ. ஜனவரியில் அமெரிக்கா போனாய். ஏப்ரலில் எங்களுக்கும் ஒட்டவைத்துவிட்டாய். உங்கள் ஊரில் மாலை ஆட்டம், இங்கே விடியுமுன். நான் சிறுசேரி பஸ்ஸுக்குக் கிளம்புவதற்குள் தோல்வி முடிந்துவிடும். மாமா டிவியைப் பார்த்துத் திட்டுகிறார். தோள்பட்டை போன தாடிக்கார பிளேயரை எந்தப் புத்திசாலி எட்டு வருஷ கான்ட்ராக்ட்ல வாங்கினான், சொந்த வீட்டுப் பணம்னா இப்படிக் கொட்டுவானா, காசு கொட்டினா டீம் ஆயிடுமா என்கிறார். ஓனர் வீட்டுப் பணம்தான் மாமா என்றேன். அப்ப அவங்க அப்பா எங்க போயிருந்தார், ரெண்டு அறை விட்டிருக்க வேணாமா என்றார்.

ஏப்ரலில் நீ சொன்னது ஞாபகம் இருக்கிறதா. தோற்றுத் தோற்றுக் கூட்டம் குறைந்துவிட்டது, பணக்காரர்கள் உட்காரும் முன்வரிசை காலி, காவலாட்கள் கண்டுகொள்வதில்லை, மேலே மலிவு டிக்கெட் இருக்கையிலிருந்து இறங்கிப் போய் உட்காரப்போகிறேன், டிவியில் பாருங்கள் என்றாய். பார்த்தோம். ஒவ்வொரு பந்துக்கும் கேமரா அதே இடத்தைத்தான் காட்டுகிறது. மட்டையடிப்பவன், அவன் முதுகுக்குப் பின்னால் காலி இருக்கைகள். நடுவில் நீ. சண்முகம் சாலையில் நாம் வாங்கிய பச்சை மங்கி குல்லாவோடு. மாமா எழுந்து நின்று கையசைத்தார். நான் சிரித்துச் சிரித்து அழுதுவிட்டேன்.

மே மாதம் வெறுத்துவிட்டேன் என்றாய். இன்னொரு கிழட்டு நட்சத்திரத்துக்கு இடம் பண்ண இளம் ஆட்கள் மூன்று பேரை அனுப்பிவிட்டார்கள், இனிமே அந்தப் பக்கம் போனா என்னைச் செருப்பால அடி என்றாய். சரி என்றேன்.

ஜேசன், அப்படியானால் இன்னும் டிவியில் அதே குல்லாவோடு அங்கே உட்கார்ந்திருப்பது யார்? அந்தக் குல்லாவை யாருக்காவது கொடுத்தாயா? அங்கே இப்போது கோடை. மற்றவர்கள் கையில்லாத பனியனோடு இருக்கிறார்கள்.

மாமாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அவர் ஒவ்வொரு ஆட்டத்துக்கும், பையன் வந்துட்டான், காபி போடும்மா என்கிறார்.

பதிலைக் கையால் எழுது.

பிளஸ்ஸி


இரும்புலியூர்,
ஆகஸ்ட் 17.

அன்புள்ள ஜேசனுக்கு,

காகிதத்தில் பதில் வரவில்லை. கடிதம் கிடைத்தது, குல்லா பெட்டியில் இருக்கிறது என்று வாட்ஸப்பில் வந்தது. அந்தக் குல்லாவைப் படம் எடுத்து அனுப்பு என்று கேட்டேன். நல்லா இருக்கேன் என்று வந்தது.

முதலில் சிரிப்பதற்கு ஒன்று. மாமா சபையின் ஜெபப் பெட்டியில் ஒரு சீட்டுப் போட்டிருக்கிறார். அந்நிய தேசத்தில் தொடர்ந்து தோல்வியைச் சந்திக்கும் சகோதரர்களுக்காக. உபதேசியார் உருகி உருகி ஜெபித்தார். வெளியே வந்ததும் யூனிஸ் ஆன்ட்டி, எந்த மிஷன் ஃபீல்டு அண்ணா, அங்க ரொம்ப உபத்திரவமோ என்று கேட்டார்கள். மாமா முகம் மாறாமல், அமெரிக்கா, ஆமா, முக்கியமா ஏழாவது இன்னிங்ஸுக்கு மேல என்றார்.

இனி மற்றது.

சென்ற வாரம் உன் அணி வேறு ஊரில் ஆடியதை முதல்முறையாகப் பார்த்தோம். விமானத்தில் போக வேண்டிய தூரம். வேறு மைதானம், வேறு நிறச் சுவர், அந்த ஊர் அணி ஜெயிக்கிற அணி என்பதால் கூட்டம். முன்வரிசையில் எல்லா இருக்கையிலும் ஆள். நடுவில் பச்சைக் குல்லா.

நான் டிவியை நிறுத்தினேன். திரை கறுத்தது. மாமா கோபிக்கவில்லை. விடும்மா, அவன் அங்கதான் இருப்பான், போட்டா தெரிவான் என்றார். போட்டேன். தெரிந்தான்.

உடனே உன்னைக் கேட்டேன். அறையில்தான் இருக்கிறேன் என்றாய். வீடியோவில் வா என்றேன். கேமரா வேலை செய்யவில்லை என்றாய். மே முதல் வேலை செய்யவில்லை.

ஜெர்சனைக் கம்பெனி கேன்டீனில் பார்த்தேன். உன்னோடு அதே பிராஜக்டில் இருந்தவன் என்பதால் உன்னைப் பற்றிக் கேட்டேன். தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினான். சிஸ்டர், மச்சான் பேரு இப்ப சிஸ்டத்துலயே இல்ல, மே மாசமே ரிலீஸ் பண்ணிட்டாங்க, உங்ககிட்ட சொல்லிருப்பான்னு நினைச்சேன் என்றான். மேலே யாரோ பெரிய ஆளை எடுக்கிறார்களாம். அதற்காகக் கீழே ஒரு வரிசையைக் காலி செய்தார்களாம். சாம்பார் நன்றாக இருக்கிறது என்றும் சொன்னான். பாவம்.

உனக்கு வேலை போயிருக்கிறது. நீ சொல்லவில்லை. அது எனக்குப் புரிகிறது. புரியாதது ஒன்றுதான். நீ எங்கே இருக்கிறாய்?

பிளஸ்ஸி


இரும்புலியூர்,
செப்டம்பர் 22.

அன்புள்ள ஜேசனுக்கு,

நேற்று சபையில் நடந்ததை எழுதிவிடுகிறேன். எழுதினால் சிறியதாகும் என்று நினைக்கிறேன்.

விடியுமுன் ஆட்டம் பார்த்தோம். தோல்வி. இனி அடுத்த சுற்றுக்குப் போகக் கணக்குப்படியும் வழியில்லை, இந்த வருடம் முடிந்தது என்று வர்ணனையாளர் சொன்னார். மாமா திட்டவில்லை. நேராகக் குளிக்கப் போனார். அவனுக்கு மனசு உடைஞ்சிருக்கும், அவன் பேர்ல ஒரு காணிக்கை போட்டுடலாம் என்றார்.

சபை வாசலில் மேசை மீது கவர்கள் வைத்திருப்பார்களே. வெளிர்மஞ்சள், நன்றி சொல்லும் ஸ்தோத்திரக் காணிக்கைக்கு. வெள்ளை, இறந்தவர்களின் நினைவுக் காணிக்கைக்கு. மாமா கண்ணாடியை டிவி மேலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார். வெள்ளையை எடுத்துவிட்டார்.

போதகர் ஐயர் பெயர்களை வாசித்தார். கர்த்தருக்குள் இளைப்பாறுகிறவர்கள். யாரோ ஹில்டா. யாரோ ஜீவரத்தினம். பிறகு, ஜேசன் தயாளன்.

சபை எழுந்து நின்றது. மாமாவும் நின்றார், தலை குனிந்து, திருப்தியாக. நானும் நின்றேன்.

ஜேசன், நான் உட்கார்ந்திருக்க வேண்டும். கையைத் தூக்கி, இது தவறு என்று சொல்லியிருக்க வேண்டும். பெண்கள் பக்கம் முழுவதும் என்னையே பார்த்தது. ஃபேன் ஓடும் சத்தம். வெளியே வந்ததும் யூனிஸ் ஆன்ட்டி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, ஒரு வார்த்தை சொல்லலையேம்மா, எப்ப ஆச்சு, பாடியை எப்பக் கொண்டு வராங்க என்று அழுதார்கள். கவர் மாறிவிட்டது ஆன்ட்டி, அவர் நன்றாக இருக்கிறார் என்றேன். எப்பப் பேசினே என்று கேட்டார்கள். காலையில் மெசேஜ் வந்தது என்றேன். பேசினியான்னு கேட்டேன் என்றார்கள்.

என் கைகளை விடுவித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து உன்னை அழைத்தேன். மணி அடித்தது. அடித்துக்கொண்டிருக்கும்போதே செய்தி வந்தது. நல்லா இருக்கேன். மேட்ச் பார்த்தியா?

நீதானே வெறுத்துவிட்டேன் என்றாய்.

சாயங்காலம் மாமாவிடம் கவர் விஷயத்தைச் சொன்னேன். வருத்தப்படுவார் என்று நினைத்தேன். எந்தக் கவர்ல போனா என்னம்மா, பேரு போய்ச் சேர்ந்துதில்ல என்றார். பிறகு கேட்டார். ஏம்மா பிளஸ்ஸி, அவன் ஏன் கை தட்டறதே இல்ல?

அவரும் கவனித்திருக்கிறார். எதிரணி அடித்தாலும், நம் அணி அபூர்வமாய் அடித்தாலும், அந்த உருவம் அசைவதில்லை. ஏழாவது இன்னிங்ஸில் அங்கத்திய வழக்கப்படி மைதானமே எழுந்து சோம்பல் முறிக்கிறது. அது எழுவதில்லை. மழைக்காக ஆட்டம் நின்றபோது எல்லோரும் ஓடினார்கள். அது நனைந்துகொண்டு இருந்தது. இரண்டு கண்ணுக்கான திறப்பு மட்டும். அதற்குள் இருட்டு.

நீ எங்காவது ஒரு நண்பன் அறையில் படுத்திருக்கலாம். தோற்றுவிட்டேன் என்று எங்களிடம் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு. அப்படி இருந்தால் எனக்கு நிம்மதி. அப்படியில்லாமல், அங்கே உட்கார்ந்திருப்பது நீயே என்றால், அதற்கும் நான் தயார். இரண்டில் எது என்று மட்டும் தெரிய வேண்டும். உன் அறைச் சொந்தக்காரருக்கும் தூதரகத்துக்கும் இன்று மெயில் போட்டிருக்கிறேன். ஜெர்சன் அங்கிருக்கும் ஆட்களிடம் நேரில் போய்ப் பார்க்கச் சொல்லியிருக்கிறான். கோபித்துக்கொள். கோபம் வந்தால் கூப்பிட்டுத் திட்டு. உன் குரலில் திட்டு.

வேலை போனது பெரிய விஷயமில்லை. எனக்கு வேலை இருக்கிறது. மாமாவுக்கு பென்ஷன் வருகிறது. இங்கே யாரும் உன்னைத் தோற்றவன் என்று எண்ணவில்லை. மாமா இன்னும் அந்த அணியையே கைவிடவில்லை. அடுத்த வருஷம் தாடிக்காரன் தோள் சரியாயிடும் என்கிறார்.

வரும் ஞாயிறு கடைசி ஆட்டம். அதன் பிறகு மைதானத்தைப் பூட்டிவிடுவார்கள், வசந்தம் வரை புல்மேல் பனி விழும் என்று நீதான் சொன்னாய். காகிதம் அதற்குள் வந்து சேராது. அதனால் இதைப் படம் எடுத்து வாட்ஸப்பிலும் அனுப்புகிறேன். இதற்கு மட்டும் உடனே பதில் போடாதே.

முதலில் எழுந்து நில். குல்லாவைக் கழற்று. அந்தப் படிகளில் ஏறி வெளியே வா, யார் ஜெயித்தார்கள் என்று திரும்பிப் பார்க்காமல்.

மாமா உனக்கு ஆசீர்வாதம் எழுதச் சொன்னார். கர்த்தர் உன் முகத்தை எங்களுக்குக் காட்டுவாராக.

உன்
பிளஸ்ஸி