எலுமிச்சைச் சிமிழ் மூன்று

ஜூன் 8

டீச்சரின் எலுமிச்சைக் கட்டையை இன்று கடைசல் இயந்திரத்தில் ஏற்றினேன். அவருடைய மூன்று மகள்களுக்கு மூன்று மூடிச் சிமிழ். அவர் வீட்டுக்காரர் நட்ட மரம். அவர் இறந்த மறு வருஷம் காற்றில் சாய்ந்துவிட்டது. ஆறு மாதம் முன்பு டீச்சர் கட்டையை மடியில் வைத்துக்கொண்டு காரில் வந்து இறங்கினார். பழைய துணிக்கொடிக் கம்பி ஒன்று மரத்துக்குள்ளேயே புதைந்திருந்தது. கம்பி பட்டால் உளியும் காலி, என் மூஞ்சியும் காலி.

பயந்து பயந்து கடைந்தேன். கம்பி வரவே இல்லை. “நான்தான் அறுத்து எடுத்துட்டேனே,” என்றான் அண்ணன். மரத்தைக் காயவைப்பதும் துண்டு போட்டுத் தருவதும் அவன் பொறுப்பு. எவ்வளவு நன்றாகக் காய்ந்திருக்கிறது என்று மெச்சினேன்.

ஜூன் 11

மூடி மூன்றும் கச்சிதம். கொஞ்சம் கர்வமாகத்தான் இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும்.

ஜூன் 14

டீச்சர் வாங்கிப் போனார்.

“நிஜமாவே எங்க மரம்தானாம்மா? இவ்ளோ வழவழன்னு இருக்கே.”

“உங்க மரமேதான் டீச்சர். என் கையால கடைஞ்சேன்.”

அண்ணன் பக்கத்தில் நின்று தலையாட்டினான். டீச்சர் சிமிழைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன்.

ஜூன் 27

பட்டறைக்குப் பின்னால் எலி செத்த நாற்றம். தேடப் போனேன். எலி கிடைக்கவில்லை. கழிவுக் குவியலுக்கு அடியில் எலுமிச்சைக் கட்டை கிடைத்தது. நெடுக வெடித்து, கம்பி அப்படியே உள்ளே.

அப்போ நான் கடைஞ்சது என்ன மரம்?

ஜூன் 28

அண்ணனிடம் கேட்டேன். மழுப்பக்கூட இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல்.

“நுனியில மெழுகு பூச மறந்துட்டேன், வெயில்ல வெடிச்சிடுச்சு. சொன்னா நீ மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவே. யாரோ தூக்கிப் போட்ட கட்டில் கால் ஒண்ணு மஞ்சளா இருந்துச்சு, அதை அறுத்துக் குடுத்தேன். மரம்தானே. அந்தம்மா சந்தோஷமாத்தானே போனாங்க.”

“மரம்தானே”யாம். வெடித்தது தப்பில்லை, எந்த மரம்தான் வெடிக்காது? சத்தியம் பண்ணாத குறையாக நான் சொன்னபோது தலையாட்டினானே — அது? என் வாயாலேயே பொய் சொல்ல வைத்துவிட்டான். வேறு யாராவது செய்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன். கூடப் பிறந்தவன்டா நீ.

ஜூன் 29

டீச்சரிடம் சொல்வதா, வேண்டாமா?

ஜூலை 2

சொல்லிவிட்டேன். வெடித்த கட்டையை அவர் மேசைமேல் வைத்தேன். டீச்சர் கம்பியைத் தடவிப் பார்த்தார். “இது அவர் கட்டின கொடி,” என்றார்.

“மூணு பேருக்கும் குடுத்தாச்சும்மா. சின்னவ அப்பா மோதிரத்தை அதுலதான் வச்சிருக்கா. அவங்ககிட்ட நான் சொல்லப் போறதில்லை. இனிமே அவங்க கேட்டா நானும் தலையாட்டணும், இல்லையா?”

திட்டியிருந்தால் தேவலை. தேறுகிற இடத்தில் ஏதாவது கடைந்து தருகிறேன் என்று கட்டையை எடுக்கப் போனேன். “வேண்டாம்மா, இது இப்படியே இருக்கட்டும்,” என்று தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

ஜூலை 19

அண்ணன் புதுக் கட்டைகள் கொண்டுவந்து இறக்கினான். “கொய்யா,” என்றான். ரம்பத்தை எடுத்து அவன் கண் முன்னாலேயே ஒரு துண்டு அறுத்தேன். முகர்ந்தேன், வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். கொய்யாதான்.

அடுத்த கட்டையை அவனே எடுத்து, நான் அறுக்க வசதியாகப் பிடித்துக்கொண்டான்.