விருந்தினருக்குக் காட்டிய முதுகு

அன்புள்ள சில்வண்டுக்கு,

அண்ணன் எழுதுவது. நான் நலம். கடிதம் என்றால் முதலில் அதைத்தான் எழுத வேண்டும், எழுதிவிட்டேன். நீயும் அம்மாவும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டே மேலே எழுதுகிறேன். போனில் சொன்னால் போதாதா, எதற்கு இந்தக் காகிதமும் பசையும் என்று நீ மூக்கைச் சுளிப்பாய். நான் ஹலோ என்றதுமே அம்மா ஸ்பீக்கரைப் போட்டு அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டுவிடுகிறாள். பல்கலைக்கழகத்திலிருந்து மகன் பேசுகிறான் என்று நாலு பேர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது நான் எதைச் சொல்ல? அதனால் இதைத் தனியாக உட்கார்ந்து படி. அம்மாவிடம் எதைச் சொல்வது, எதை விடுவது என்று பிறகு நீயே பார்த்துக்கொள். அந்தச் சாமர்த்தியம் என்னைவிட உனக்கு அதிகம்.

பழங்குடி மாணவர் கலைக் குழுவில் உன்னைச் சேர்த்துக்கொண்டு, அந்த ஒதுக்கீட்டில் இங்கே படிக்க இடம் தருவதாக உனக்குக் கடிதம் வந்திருக்கிறது. அம்மா அதை வீடு வீடாகக் கொண்டுபோய்க் காட்டினாளாம். படிப்பு, அறை, சாப்பாடு எல்லாம் இலவசம் என்று போட்டிருப்பார்கள். அதில் பொய்யில்லை, நானும் அப்படித்தான் வந்தேன். நீ துள்ளிக் குதித்ததற்கு உன்னைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த இடம் எப்படிக் காலியானது என்று தெரிந்துகொண்டு பதில் போடு.

என் அறை எப்படி இருக்கிறது என்று அம்மா கேட்கும்போதெல்லாம், கலையரங்கத்தை ஒட்டி என்று சொல்லியிருக்கிறேன். ஒட்டித்தான் இருக்கிறது. மேடைக்குப் பின்னால் வேஷ சாமான் வைக்கும் அறையைத் தடுத்து நாலு கட்டில் போட்டிருக்கிறார்கள். கட்டிலுக்கு அடியில் மேளங்கள், தலைமாட்டில் இறகு வைத்த கிரீடங்கள். நம் ஆட்களில் எவன் தலையில் இறகு வைத்தான் என்று கேட்காதே, நானும் கேட்டுப் பார்த்துவிட்டேன். கைவினைக் கடையில் வாங்கிய சாய இறகு. வியர்த்தால் நெற்றியில் நீலமாக வழிகிறது. இடுப்புக்கு பிளாஸ்டிக் இலை. ஜன்னலைத் திறந்தால் ஜெனரேட்டர், அதனால் திறப்பதில்லை. அறைக்கு இன்னொரு சாவி பண்பாட்டு அலுவலரிடம் இருக்கிறது. திடீரென்று விருந்தினர் வந்துவிட்டால் மேளத்தோடு சேர்த்து எங்களையும் எடுத்துப்போக வசதி.

அந்த அலுவலர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். எனக்குக் காய்ச்சல் வந்தபோது தன் வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். மறுநாள் நிகழ்ச்சி இருந்தது என்பது வேறு விஷயம். "தம்பி, நீங்கதாம்பா இந்த யுனிவர்சிட்டியோட முகம்" என்று தோளில் கை போட்டுச் சொல்வார். குழுவில் இருப்பவர்கள் மூன்று வெவ்வேறு இனத்துப் பிள்ளைகள், ஒருவர் மொழி இன்னொருவருக்குத் தெரியாது. அவருக்கு நாங்கள் எல்லோரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

நம் ஆட்டத்தைப் பற்றி நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. எல்லோரும் வட்டமாக, முகம் உள்ளே வைத்து நிற்போம். வெளியூர் போய் வந்தவர் வட்டத்துக்கு வெளியே நிற்பார். அவர் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பாடி, கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்ட பிறகுதான் பாட்டு முடியும். பிறந்ததிலிருந்து பார்த்ததால் இதெல்லாம் ஒருவருக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டிய விஷயம் என்றே எனக்குத் தோன்றவில்லை. முதல் வருஷம் மேடை ஏறினோம், வழக்கம்போல வட்டமாக நின்றோம். முன்வரிசைப் பெரியவர்கள் ஆட்டம் முழுக்க எங்கள் முதுகைத்தான் பார்த்தார்கள். மேடையை விட்டு இறங்கியதும் அலுவலர் ஓடி வந்து, "என்னப்பா, சுவத்தப் பாத்து ஆடுறதுக்கா உங்கள வரச் சொன்னேன்?" என்றார். அடுத்த தடவை வட்டத்தைப் பாதியாகப் பிளந்து சபையைப் பார்த்து நிற்க வைத்தார். பாடுகிறவளைத் தனியாக முன்னால், மைக்கோடு.

சரி, வெளியிலிருந்து யாரும் வராமல் பாட்டை எப்படி முடிப்பது? அதற்கும் அவர் வழி வைத்திருந்தார். ஓரத்தில் நின்று கையை ஆட்டுவார், உடனே விளக்கை அணைத்துவிடுவார்கள். இருட்டில் கைதட்டல் வரும். நாங்கள் பாதி வரியை வாயில் வைத்துக்கொண்டு இறங்கி வருவோம். இங்கே வந்ததிலிருந்து போன மாதம்வரை நான் பாடிய ஒரு பாட்டும் முடியவில்லை, சில்வண்டு. சோறு தொண்டையில் நிற்கிற மாதிரி இருக்கும், தண்ணீர் குடித்தாலும் இறங்காது.

படிப்பைப் பற்றிக் கேட்பாய். வேதியியல் எனக்கு இன்றைக்கும் பிடிக்கிறது. பியூரெட்டைக் கழுவி, நேராக மாட்டி, சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறப்போகிற அந்த ஒரு சொட்டுக்காகக் காத்திருப்பது இருக்கிறதே, அதைவிட நிம்மதி வேறில்லை. அந்த நேரம் பார்த்துக் கதவருகில் ஆள் வந்து நிற்பார். "டான்ஸ் தம்பி, கெஸ்ட் வந்தாச்சு." ஆய்வக ஆசிரியர் தலையில் அடித்துக்கொள்வார். வகுப்புக்குப் போகாத நாளுக்கு அலுவலர் கையெழுத்துப் போட்டுச் சரிக்கட்டிவிடுவார். செய்யாத சோதனையைச் செய்ததாக யார் கையெழுத்துப் போட முடியும்? என்னோடு சேர்ந்தவர்கள் எல்லோரும் கறுப்பு அங்கி போட்டுப் பட்டம் வாங்கினார்கள். அந்த விழாவில் நான் இறகு வைத்துக்கொண்டு ஆடினேன். அம்மா நான் மேற்படிப்பு படிப்பதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் இன்னும் பழைய படிப்பையே முடிக்கவில்லை.

விட்டுவிட்டு வரவேண்டியதுதானே என்று உன் வாய் துடிக்கும். குழுவை விட்டால் அறை போகும். விட்டுப்போன ஆய்வக வகுப்பில் மறுபடி உட்கார அவருடைய பரிந்துரை வேண்டும். போய்க் கேட்டால், "இந்த சீசன் முடியட்டும் தம்பி, நானே பேசுறேன்" என்கிறார். இவர்களுடைய சீசன் முடிவதே இல்லை. வெறுங்கையோடு ஊருக்கு வரலாம். நம் வீட்டுச் சுவரில் கதவுக்கு எதிரே அம்மா ஒட்டி வைத்திருக்கிறாளே, நான் வாயைத் திறந்துகொண்டு நிற்கிற சுவரொட்டி, அதைத் தாண்டி எப்படி உள்ளே வருவது? அதே படம் இங்கே நூலகத்துக்குப் போகும் வழியெல்லாம் இருக்கிறது. பேனா வாங்கப் போனால்கூட, ஒரு ஸ்டெப் போட்டுக் காட்டுங்க என்கிறார்கள். வேதியியல் படிக்கிறேன் என்றால் நகைச்சுவை என்று நினைத்துச் சிரிக்கிறார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் குழுவில் பாடிக்கொண்டிருந்தவள் ஊசி. குரலும் அப்படி, குணமும் அப்படி. நம் இனம் இல்லை, நம் மொழியும் தெரியாது. நான் சொல்லிக்கொடுத்ததை அட்சரம் பிசகாமல் பாடுவாள். ஒருநாள் ஒத்திகையில், "நான் பாட்டுக்கு கூப்புட்டுட்டே இருக்கேன். யாரக் கூப்பிடுறேன்னாச்சும் சொல்லு" என்று கேட்டாள். சொன்னேன். ஒருவர் உள்ளே வந்தால்தான் முடியும் என்பதையும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டு மறுபடி மைக்குக்குப் போனாள். நானும் மறந்துவிட்டேன்.

போன மாதம் பழங்குடிப் பண்பாட்டு வாரம் நடந்தது. முன்வரிசையில் பெரிய விருந்தினர், பக்கத்தில் துணைவேந்தர். எங்களுக்குப் புது இறகு. பாட்டு பாதி போயிருக்கும். அலுவலர் ஓரத்தில் கையைத் தூக்கத் தயாராக நிற்பது தெரிந்தது. ஊசி மைக்கைத் தரையில் வைத்தாள். திரும்பி எங்களைப் பார்த்து நடந்து வந்தாள். நான் என்ன செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை, வாய் தன்னால் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. அவள் கையைப் பிடித்தேன். எங்கள் கால்களும் யார் சொல்லியும் கேட்காமல் வட்டத்தைச் சேர்த்துக்கொண்டன. அத்தனை பேரும் முகம் உள்ளே, முதுகு வெளியே. மைக் இல்லாமல் கடைசி வரிவரைக்கும் பாடினோம். பாட்டு முடிந்தது, சில்வண்டு. முடிந்தேவிட்டது. நான் தேம்பித் தேம்பி அழுதேன். நல்லவேளை, சபைக்கு என் முகம் தெரியவில்லை.

கைதட்டல் வரவில்லை. முடிந்ததா இல்லையா என்று விருந்தினருக்குத் தெரியவில்லையாம், பாவம். உள்ளே வந்ததும் அலுவலர் வெடித்தார். "விருந்தாளிக்கு முதுகக் காட்டுவீங்களா? என் வேலைக்கு உல வைக்கப் பாக்குறீங்களா?" அவர் குரல் நடுங்கியது, அவரும் யாருக்கோ பதில் சொல்ல வேண்டுமல்லவா? எல்லோரும் மன்னிப்பு எழுதித் தரவேண்டும் என்றார். நாங்கள் எழுதிக் கொடுத்தோம். நானும்தான். ஊசி மட்டும் பேனாவைத் தொடவில்லை. "எதுக்கு மன்னிப்புன்னு எழுதணும் சார்? பாட்டு முடிஞ்சதுக்கா?" என்று கேட்டாள். மறுநாள் ஒரு பையையும் ஒரு வாளியையும் எடுத்துக்கொண்டு பெண்கள் அறையைக் காலி செய்தாள். வாசல்வரை வாளியை நான் தூக்கிப் போனேன். அதற்குமேல் போக எனக்குத் துணிச்சல் வரவில்லை.

உனக்கு வந்திருப்பது குழுவில் அவளுடைய இடம். அவருக்கு உன்னை எப்படித் தெரியும் என்றால், என்னால்தான். நீ பாடி அனுப்பியதை அறையில் போனில் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். தன் சாவியால் திறந்துகொண்டு வந்தவர், யாருப்பா இது, இந்தக் குரல் என்றார். தங்கச்சி என்று சொல்லிவிட்டேன். அடுத்த மூச்சிலேயே நாக்கைக் கடித்துக்கொண்டேன், அதற்குள் அவர் கண்ணில் வெளிச்சம் வந்துவிட்டது. அண்ணனும் தங்கையும் ஒரே மேடையில் என்று சுவரொட்டிக்கு இப்போதே வாசகம் யோசித்துவிட்டார்.

நீ படிக்க வரவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கண்டிப்பாக வா. உன் மதிப்பெண்ணுக்குப் பொதுப் பட்டியலிலேயே இடம் கிடைக்கும், விண்ணப்பத்தைத் தனியாகப் போடு. அறை கிடைக்காது. அதற்குத்தான் ஊசி இருக்கிறாள். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் தையல் கடை மாடியில் இரண்டு பெண்களோடு இருக்கிறாள். குழுவை விட்டதில் இலவசம்தான் போனது, படிப்பு போகவில்லை, கட்டணத்தை அவளே கட்டுகிறாள். காலையில் ஒரு மருந்துக் கடையில் வேலை, மற்ற நேரமெல்லாம் வகுப்பு. ஒரு வகுப்புகூட விடுவதில்லை. எங்களில் பட்டம் வாங்கப்போகிறவள் அவள் ஒருத்திதான் போலிருக்கிறது. உன்னைப் பற்றிச் சொன்னேன். இன்னொரு பாய் போட இடம் இருக்கிறது, வரச் சொல்லு, ஆனா குறட்டை விட்டா வெளிய படுக்கணும் என்றாள். நீ குறட்டை விடுவதை நான் சொல்லவில்லை.

அலுவலர் இரண்டொரு நாளில் உனக்குப் போன் செய்வார். தேனாகப் பேசுவார். என்னைப் பற்றி நல்லதாகச் சொல்வார், அம்மாவுக்குக் கண் நிறைந்துவிடும். ஸ்பீக்கர் போட்டிருக்கும், அக்கம்பக்கமும் கூடியிருக்கும். "ஒரு வரி பாடும்மா" என்பார். பாடிவிடாதே. காய்ச்சல் வந்ததில் குரல் போய்விட்டது என்று சொல். இருமிக் காட்டு. பள்ளிக்கூடம் போகாமலிருக்க எப்படியெல்லாம் இருமுவாய், அதில் பாதி போதும். கெஞ்சினாலும் பாடாதே. அதன்பிறகு என் அறையும் பரிந்துரையும் என்ன ஆகும் என்று நீ மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்ள வேண்டாம். அண்ணன் பாவமே என்று ஒரு வரி பாடினாய் என்றால் நான் உன்னோடு பேசவே மாட்டேன்.

அம்மாவை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். சுவரொட்டியைக் கிழிக்காதே, அவளே ஒருநாள் எடுக்கட்டும். நீ நன்றாகப் படித்து, கறுப்பு அங்கி போட்டுப் பட்டம் வாங்கி, நீண்ட காலம் சுகமாக இருக்க வேண்டும்.

நானும் ஒருநாள் ஊருக்கு வருவேன். கையில் என்ன இருக்கும் என்று தெரியாது, ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். அன்றைக்கு நீ பாடு. நீயும் அம்மாவும் எல்லோரும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வட்டமாக நில்லுங்கள். எனக்கு உள்ளே வரக் கூச்சமாக இருக்கும், உடனே வந்துவிட மாட்டேன். எவ்வளவு நேரம் ஆனாலும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதை மட்டும் நிறுத்திவிடாதே.

வெளியே நிற்கும்
உன் அண்ணன்