மூன்றாவது கையெழுத்து

பிள்ளையார் துணை
சண்டிலிப்பாய்
12.05.2025

அன்புள்ள அண்ணைக்கு,

நேற்றுப் பின்னேரம் கோயில் மடத்தில் கூடியது நாலு பேர்: தலைவர் தியாகலிங்கம் மாமா, ஐயர், பொருளாளர் முத்துக்குமாரு, நான். மின்விசிறி வேலை செய்யவில்லை. ஐயர் பஞ்சாங்கத்தால் விசிறிக்கொண்டிருந்தார்.

எந்தத் திருவிழா எந்த வீட்டுக்காரருக்கு என்ற முறையைப் பதிந்து வைத்திருக்கிற ஸ்மார்ட் கொன்ட்ராக்ட்டுக்கு நீங்கள் எழுதி அனுப்பிய புது விதியைப் பற்றித்தான் கதை.

"பிளாக்செயினிலை எழுதினால் அழியாது எண்டுதானே சொன்னவை, இப்ப எப்பிடி மாத்திறது?" என்று முத்துக்குமாரு கேட்டார்.

"கோயிலுகள் சேர்ந்து வலையமைப்பைத் தொடங்கின நாளே உள்ளுக்கு வைச்ச கொன்ட்ராக்ட் இது. வாசல் மாதிரி முன்னுக்கு நிக்கிற புரொக்சியும், முகவரியும், ஒவ்வொரு முறைக்குமான பெட்டியளிலை எழுதின பேருகளும் அப்பிடியே இருக்கும். பின்னாலை இருக்கிற விதியை மட்டும் மாத்தலாம். அதுக்குத் தலைவர், அண்ணை, நான், மூண்டு பேரும் கையெழுத்துப் போடவேணும்" என்றேன் நான்.

"உனக்கு உதெல்லாம் ஆர் படிப்பிச்சது?" என்றார் மாமா.

"கந்தசட்டி விரதத்திலை பசி தெரியாமல் இருக்கப் படிச்சனான்."

புது விதிப்படி பெண்பிள்ளைகளும் முறைகாரராய் வரலாம் என்பதில் எல்லாருக்கும் சம்மதம். மாமா உடனே போட்டார். உங்கடையும் இருக்கிறது. என்ரைதான் மிச்சம்.

ஆனால் போடமுதல் விதியைப் பரீட்சை வலையமைப்பில் ஏற்றி ஒத்திகை பார்த்தேன். எங்கடை ஆறாம் திருவிழாவில் என்ரை பேர் நிற்கிறது. உங்கடை பேர் ஒரு இடத்திலும் இல்லை. பெண்பிள்ளைகளின் பேருக்கான புதுப் பெட்டியைக் கடைசியில் சேர்க்காமல் நடுவில் செருகினால் பழையது இடம் மாறிப்போகுமாம், கணக்குக் கொப்பியில் நடுவில் ஒரு வரி புகுத்தின மாதிரி. வேலைக்களைப்பில் பிழைத்துவிட்டதாக்கும். திருத்தி இந்த மின்னஞ்சலுக்கே அனுப்புங்கோ.

அன்புத் தங்கச்சி
பத்மாவதி

&nbsp;

ஒஸ்லோ
15.05.2025

அன்பின் பத்மா,

பிழை இல்லை. என்ரை பேரைத் தெரிந்துதான் எடுத்தேன்.

பதினொரு வருடமாய் ஆறாம் திருவிழாவுக்குப் பூக் கட்டுறதும் பொங்கலுக்குச் சாமான் சேர்க்கிறதும் நீ. சங்கற்பத்தில் ஐயர் சொல்லுறது மட்டும் என்ரை பேர். அம்மாவுக்குக் கொள்ளி வைக்க வராதவன் நான். அந்த இடத்தில் என்ரை பேர் நிற்பது எனக்கு வெட்கமாய் இருக்கு.

கையெழுத்தைப் போடு.

அண்ணை
பார்த்தீபன்

&nbsp;

பிள்ளையார் துணை
சண்டிலிப்பாய்
18.05.2025

அன்புள்ள அண்ணைக்கு,

போடமாட்டேன்.

விசா இல்லாமல் நீங்கள் அங்கை முடங்கிக் கிடந்தது அம்மாவுக்குத் தெரியும். அவ ஒருநாளும் உங்களைக் குறை சொல்லவில்லை. சொன்னது நான்தான், செத்தவீட்டன்று போனில். அதைத்தான் இவ்வளவு காலமும் சுமந்திருக்கிறீங்கள் என்று இப்போதுதான் விளங்குகிறது. அண்டைக்கு நான் கதைத்தது பிழை அண்ணை.

நீங்கள் போன் எடுக்கிறதும் குறைவு. வருடத்தில் ஒருக்கால் ஐயர் "பார்த்தீபன், கேட்டை நட்சத்திரம்" என்று சொல்லும்போது உங்களுக்காகக் கண்ணை மூடுகிறேன். எனக்கு அது வேணும்.

விதியை நானே திருத்தினேன். உங்கடை பெட்டியைத் தொடவில்லை. என்ரை பேருக்குக் கடைசியில் ஒரு பெட்டி சேர்த்தேன். பரீட்சையில் இரண்டு பேரும் நிற்கிறோம். இதுக்கு மாமாவும் நானும் போட்டுவிட்டோம். உங்கடை பழைய கையெழுத்து இதுக்குச் செல்லாது. நீங்கள் போடாவிட்டால் ஒன்றும் மாறாது, முறை உங்கடை பேரிலேயே போகும். எப்படிப் பார்த்தாலும் உங்களுக்குத் தப்ப வழியில்லை.

அடுத்த மாதம் கொடியேற்றம். இந்தக் கிழமைக்குள் எனக்கொரு பதில் போடுங்கோ.

உங்கள் தங்கச்சி
பத்மா