கால்நீர் வார்க்க இயலாதென்று கதவடைத்த தானாபதிக்கு

கடல் நம்மைக் காக்க. வெண்கரை நாடு வாழ்க. மூன்று துறைகளுக்கும் உடையாள், உப்பும் முத்தும் விளையும் கரைக்குக் காவலாள், ஆதிநங்கைப் பெருமாட்டி விடுக்கும் திருமுகம்.

பவழத் தீவில் நம் தூதராய், நம் பெயரால் மாளிகை கொண்டு வீற்றிருக்கும் தானாபதி, சொல்லின் கோமான், நயவுரைக் களஞ்சியம், இருநாட்டு நட்பின் நடுத்தூண், வேங்கை மழவராயர் காண்க. இவ்விருதுகள் யாவும் நீர் விடுத்த ஓலையில் நீரே உமக்குச் சூட்டிக்கொண்டவை. இன்னும் பல இருந்தன. எழுதுகிறவன் கை வலிக்கிறதென்றான், விட்டுவிட்டோம்.

முதற்கண் பவழத் தீவின் அரசர்க்கு நம் வணக்கத்தைச் சொல்க. அவர் நாட்டைப் பிடித்திருக்கும் கொள்ளைநோய் விரைவில் ஒழிக. அவர் குடிகள் தேறி எழுக. அவருடைய துறைமுகத்து மீனவர் வீடுகளில் உலை ஒருநாளும் அணையாதிருக்க. மீனவரைத் தனியே ஏன் வாழ்த்துகிறோம் என்று உமக்கு விளங்காது. மேலே படித்தால் விளங்கும்.

உம் ஓலை வந்தது. அவை கூடியிருக்க உரக்கப் படிக்கச் சொன்னோம். தீவில் நோய் பரவியதையும், தீவரசர் துறைமுகத்தை அடைத்ததையும், ஒருவரை ஒருவர் தொடலாகாது என்று பறையறைவித்ததையும், அந்தந்த நாட்டுக் குடிகளை அந்தந்த நாட்டுத் தானாபதியே தம் மாளிகை மதிலுக்குள் வைத்துக் காக்க வேண்டும் என்று ஆணையிட்டதையும் முறையாகவே எழுதியிருந்தீர். அங்கே சந்தைக்குப் போயிருந்த நம் மாலுமிகளும் உப்பு வணிகரும் அவர்தம் பெண்டு பிள்ளைகளும் உம் வாயிலில் வந்து நின்றதையும் எழுதியிருந்தீர். அதுவரை எல்லாம் சரி. அடுத்த வரியைத்தான் அவையிலிருந்த முதியோர் இன்னொருமுறை படிக்கச் சொன்னார்கள்.

நம் நாட்டு வழக்கம் நீர் அறியாததன்று. அரச கூரையின் கீழ் நுழைகிற எவர்க்கும் அவ்வீட்டுக்குரியவர் தம் கையால் கால்நீர் வார்த்துத் துடைத்துவிட வேண்டும். கால்நீர் பெறாமல் எவரும் நுழையலாகாது. இதைப் பிடித்துக்கொண்டு நீர் எழுதிய நியாயம் என்ன? தொடலாகாது என்பது தீவரசர் ஆணையாம். தொடாமல் கால் துடைக்க முடியாதாம். கால் துடையாமல் உள்ளே விடுவது வெண்கரையின் மானத்துக்கு இழுக்காம். ஆகவே அவர்களை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தித் தாழிட்டு, தீவின் ஆணையையும் நாட்டின் வழக்கத்தையும் ஒருங்கே காத்தீராம். இதற்காக உமக்கொரு புது விருது வேண்டுமென்றும் கேட்டிருந்தீர். நன்றாயிருக்கிறது ஐயா உம் நியாயம். கால் கழுவ முடியவில்லை என்று அவர்களைக் கைகழுவிவிட்டீர்.

அந்தத் தண்ணீர் எதற்கு வார்க்கிறோம் என்று உமக்கு எவரும் சொல்லித் தரவில்லையா? நடந்து களைத்தவன் உள்ளே வர வேண்டும் என்பதற்காக வார்க்கிறோம். அவனை வெளியே நிறுத்த ஒரு சாக்கு வேண்டும் என்று நம் முன்னோர் குளம் வெட்டவில்லை.

உம் மாளிகைக்கு எதிர்வரிசையில் அருவி நாட்டுத் தானாபதி இருக்கிறார். அவருக்கு உம்மைப்போல் விருதுகள் இல்லை. அவர் பெயர்கூட நமக்கு நினைவில்லை. அவர் தம் குதிரைகளை விருந்து மண்டபத்தில் கட்டிவிட்டு, லாயத்தைக் கழுவிச் சுண்ணாம்படித்து, நோயுற்றவரை ஒருபுறமும் நோயற்றவரை மறுபுறமும் கிடத்தி, கஞ்சியை வாசற்படியில் வைத்துவிட்டு விலகி நின்றாராம். மண்டபமெல்லாம் சாணி நாறுகிறதென்று அவரைப் பழித்தும் உம் ஓலையில் நான்கு வரி இருக்கிறது. அதைப் படித்தபோது அவையில் சிரித்தவர்கள் அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

நம் குடிகளுக்கு நீர் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்லலாகாது. நாள்தோறும் காலையில் சங்கூதுவானை அனுப்பி, அவர்கள் ஒதுங்கியிருக்கும் கருவாட்டுக் கொட்டகைக்கு எதிரே நிறுத்தி, நம் விருதுப்பெயர்கள் அனைத்தையும் கூறி, பெருமாட்டி உங்களை மறக்கவில்லை என்று முழங்கச் செய்தீராம். பசித்துக் கிடப்பவன் காதில் நம் பெயரை ஊதினால் அவன் நம்மை வாழ்த்துவானா, வைவானா? அவர்கள் வைதிருந்தால் அது நமக்குத் தகும். உம்மை அங்கே அனுப்பியது நாம்தானே.

அரிசி இல்லையோ என்று பார்த்தால் அதுவும் இருக்கிறது. நம் பிறந்தநாள் விருந்துக்குத் தீவின் பெருமக்களை அழைக்க வேண்டுமென்று களஞ்சியம் நிறைய அடைத்து வைத்திருக்கிறீர். கொள்ளைநோயில் எந்தப் பெருமகன் வந்து உம் பந்தியில் உட்காரப் போகிறான்? இவ்வாண்டு நாம் பிறக்கவில்லை என்று வைத்துக்கொள்க.

இவையெல்லாம் உம் ஓலையாலேயே அறிந்தவை. எழுதாமல் விட்டதை அறிவிக்க ஒருவன் வந்தான். அவன் பெயர் நாகன், சுக்கான் பிடிப்பவன். தீவின் மீனவர் கொடுத்த சிறு தோணியில் தனியே கடல் கடந்து வந்து, கரையேறாமல் இடுப்பளவு நீரில் நின்றுகொண்டு, யாரும் கிட்ட வராதீர்கள், நான் நோய்க்காட்டிலிருந்து வருகிறேன் என்று கூவினான். நாமே கரைக்குப் போனோம். ஒரு பானைத் தண்ணீரை மணலில் வைத்துவிட்டு எட்டி நின்றோம். அவன் வந்து தன் காலில் தானே ஊற்றிக்கொண்டான். முடிந்தது. வழக்கமும் சாகவில்லை, நாமும் சாகவில்லை. இதற்குப் பெரிய அறிவு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை, மழவராயரே.

அவன் சொன்னது இது. அவனுடைய அக்காள் நீலாத்தி அந்தக் கொட்டகையில்தான் இருக்கிறாள். அவள் கணவன் சாத்தன் நோய் கண்டு எழுந்து உட்காரவும் மாட்டாமல் கிடக்கிறான். தோணியில் இன்னும் ஒருவர்க்கு இடமிருந்தும், இவரைப் போட்டுவிட்டு நான் எங்கேடா வருவேன், நீ போய்ப் பெருமாட்டியிடம் சொல்லு என்று தம்பியை அனுப்பிவிட்டு அவள் அங்கேயே இருந்துவிட்டாள். இப்போது சாத்தனோடு மற்ற நோயாளிகளையும் அவளே பார்க்கிறாளாம். தீவின் மீனவர்தாம் நாள்தோறும் கஞ்சிக் கலயத்தைத் துடுப்பின் நுனியில் தொங்கவிட்டு எட்ட நின்று நீட்டுகிறார்களாம். பட்டும் கேக்கல, பணமும் கேக்கல, நம்ம ஊட்டுத் தாழ்வாரத்துல படுக்க ஒரு இடந்தான் கேட்டோம் தாயே என்று நாகன் சொன்னான். அவன் அழவில்லை. நாம் அழுதோம், அதை மறைக்கவில்லை.

இன்னொன்றும் அவன் சொன்னான். தம் குடிகளை அழைத்துப்போக எந்த நாட்டுக் கப்பலும் வரலாம், தானாபதி வாய் திறந்து ஒருமுறை கேட்டால் போதும் என்று தீவரசர் எப்போதோ அறிவித்துவிட்டாராம். நீர் கேட்கவில்லை. கேட்டால், இத்தனை நாளும் உம் மக்கள் எங்கே இருந்தார்கள் என்று அவர் வினவுவார் என்று கூசினீர் போலும். உம் முகம் கறுக்கக்கூடாதென்று அவர்கள் உயிரைப் பணயம் வைத்தீர். வாடைக்காற்று தொடங்கிவிட்டால் அடுத்த பருவம் வரை அந்தக் கடலில் மரக்கலம் ஓடாது என்பதும் உமக்குத் தெரியும். தெரிந்தும் நம் விருதுகளை ஊதிக்கொண்டிருந்தீர்.

ஆகவே நாமே தீவரசர்க்கு எழுதிக் கேட்டோம். ஓலை கண்ட அன்றே அவர் இசைந்தார். இவ்வோலையோடு நம் பெருமரக்கலம் வருகிறது, அதன் நாயகன் கோடன். மருத்துவர் இருவர் அதில் வருகின்றனர்.

இனி நம் ஆணை. மாளிகையின் உள்ளறை முதல் உம் படுக்கையறை வரை நோயுற்றோர்க்கு விடுக. உமக்குச் சங்கூதுவானின் குடில் போதும். வாயிலில் தண்ணீர்ப் பானைகள் வைக்க. அவரவர் காலை அவரவர் கழுவிக்கொள்ளட்டும். களஞ்சியத்தைத் திறந்து உலை ஏற்றி, கொடுத்த கஞ்சிக்கு நன்றியாக மீனவர் குடிகளுக்கும் பங்கு அனுப்புக. மருத்துவர் சொல்லும் நாள் வரை அவர்களைத் தேற்றி, வாடைக்கு முன் ஒருவர் விடாமல் கப்பலேற்றுக. எல்லார்க்கும் பின்னே நீர் ஏறுக.

நம் துறையில் நாகன் நின்றுகொண்டிருப்பான், பக்கத்தில் நாமும் நிற்போம். நீலாத்தி இறங்கினால் அவளுக்குப் பின் நீரும் இறங்கலாம். அவள் இறங்காவிட்டால் நீரும் இறங்க வேண்டா. அவளைத் தேடிக் கப்பல் உம்மோடு திரும்பிப் போகும்.

கோடனுக்கு ஓர் ஆணை தனியே கொடுத்திருக்கிறோம். கரையேறியதும் இவ்வோலையை உம்மிடம் அவன் கொண்டுவர மாட்டான். முதலில் கருவாட்டுக் கொட்டகைக்குப் போய், எட்ட நின்று, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை அவர்கள் கேட்க உரக்கப் படிப்பான். அதன்பின் நடக்க முடிந்தவர்கள் நடந்தும், முடியாதவர்கள் கட்டிலில் கிடந்தும் அவனோடு வருவார்கள். ஓலையை மட்டும் அவன் மதில்மேல் நீட்டுவான். ஆக, நீர் இந்த வரியைப் படிக்கிறபோது எல்லாரும் உம் வாயிலில்தான் நிற்கிறார்கள்.

நம் இலச்சினை கீழே இருக்கிறது. அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உட்கார்ந்திராமல் எழுந்துபோய்க் கதவைத் திறக்க.